இடக்கையால் கொடுத்தவன்

குப்பாயி எனக்கு நங்கையா. அண்ணன் பெண்டாட்டியை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். அண்ணன் என்றால் உடன்பிறந்தவர் இல்லை, பெரியப்பன் மகன் சென்னியப்பன். சங்ககிரிக்கு வடக்கே, மலைக்கோட்டை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் எங்கள் ஊர். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு மாட்டுத்தொழுவம்தான் இருந்தது. அந்த வீட்டில் இருமினால் எங்கள் வீட்டில் கேட்கும். "சினிமாவிலே புருஷனைப் பார்த்தேன்னு அலைஞ்சாளே, அந்தப் பைத்தியமா?" என்று இன்றைக்கு யாராவது சிரித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சிரிக்கிற அத்தனை பேரும் அன்று அவளுக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து, "அவனேதான், அவனேதான்" என்று தொண்டை கிழியக் கத்தியவர்கள்.

சென்னியப்பனுக்கு இடக்கைதான் வாட்டம். பீச்சாங்கைச் சென்னியப்பன் என்றால்தான் ஊரில் தெரியும். சோறு உண்பதும், ஒருவருக்கு ஒன்றைக் கொடுப்பதும், விதைப்பதும் சோத்தாங்கையால், அதாவது வலக்கையால்தான் நடக்க வேண்டும். இடக்கையால் ஒரு பிடி உப்பைக் கொடுத்தால்கூட வாங்குகிறவன் முகம் சுளிப்பான். பெரியப்பன் இந்த விஷயத்தில் பொல்லாதவர். மகனுடைய இடக்கையைத் துண்டால் இடுப்போடு சேர்த்துக் கட்டி வைத்துத்தான் சின்ன வயதில் சோறு போடுவாராம். சாப்பாடு மட்டும் வலக்கைக்குப் பழகியது. மற்றபடி கொஞ்சம் மனம் வேறு பக்கம் போனால் போதும், இடக்கை தானாக முன்னால் வந்துவிடும்.

மேச்சேரியிலிருந்து கல்யாணம் ஆகி வந்த குப்பாயி மட்டும்தான் அதைச் சட்டை செய்யாதவள். வெற்றிலை மடித்து அவர் இடக்கையால் நீட்டினால் பேசாமல் வாங்கி வாயில் போட்டுக்கொள்வாள். மாமியார் முறைத்தால், "எந்தக் கையில குடுத்தா என்னுங்க, செவக்காமயா போயிரும்?" என்பாள். அண்ணன் அதைக் கேட்டுவிட்டுச் சிரிக்கிற சிரிப்பு தொழுவத்தைத் தாண்டி எங்களுக்குக் கேட்கும். மூன்று வருஷம் கேட்டது.

பிறகு அந்த விதைப்பு வந்தது. மானாவாரிக் காட்டில் சோளம் விதைக்கப் போனவர், முதல் பிடியையே இடக்கையால் வீசிவிட்டார். பெரியப்பன் பார்த்துவிட்டார். அப்போது ஒன்றும் சொல்லவில்லை. அந்த வருஷம் மழை ஏமாற்றியது. ஜில்லா முழுவதும்தான் ஏமாற்றியது. ஜில்லாவில் உள்ளவன் எல்லாம் இடக்கையாலா விதைத்தான்? கேட்க ஒரு ஆள் இல்லை. சோளத்தட்டு கருகி நிற்கிறதைப் பார்த்த ஆத்திரத்தில் பெரியப்பன், களத்தில் நாலு பேர் நிற்கும்போது மகனைப் பார்த்து, "உன்ற பீச்சாங்கை பட்ட நெலம் எப்படிடா மொளைக்கும்? நீ இந்த ஊட்டுல கையி வெக்காம இருந்தாலே போதும்" என்று சொல்லிவிட்டார். அண்ணன் கையிலிருந்த களைக்கொத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போனார். தண்ணிக்குப் போயிருந்த குப்பாயி குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "அவிய எங்கீங்க?" என்று கேட்டபோது யாருக்கும் தெரியவில்லை.

ஒரு மாதம் கழித்து ஒரு வண்டிக்காரர் வந்து சொன்னார். சேலம் ஜங்ஷனில் மூட்டை தூக்க ஆள் பிடித்துப் பட்டணத்துக்குக் கூட்டிப் போனார்களாம், மதராஸ் துறைமுகத்துக்கு. அந்தக் கூட்டத்தில் சென்னியப்பனைப் பார்த்தாராம். அத்தோடு சரி. அண்ணனுக்கு எழுதத் தெரியாது. ஆள் வந்து சொல்வதுதான் உண்டு, ஆளும் வரவில்லை.

குழந்தை இல்லை. மாமியாரும் இரண்டு வருஷத்தில் போய்ச் சேர்ந்தாள். குப்பாயியின் அண்ணன் மேச்சேரியிலிருந்து எத்தனையோ தடவை வண்டி கட்டிக்கொண்டு வந்து கூப்பிட்டான். "அவிய வந்து நிக்கறப்ப ஊடு பூட்டிக் கெடந்தா நல்லாவா இருக்கும்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவாள். காட்டு வேலை, மாடு, மாமனாருக்குச் சோறு. இதுதான் அவளுக்குப் பொழுது. தன் புருஷனை விரட்டிய வாய்க்குத்தான் மூன்று வேளையும் களி கிண்டிப் போட்டாள். எனக்கு அதைப் பார்க்க ஆறாது.

பன்னிரண்டு வருஷம் ஆள் தெரியாவிட்டால், இறந்ததாக வைத்துக் காரியம் செய்துவிடுவது வழக்கம். வைக்கோலில் உருவம் செய்து எரிப்பார்கள். பெண்டாட்டி தாலியைக் கழற்றி வெள்ளைச் சீலை கட்டிக்கொள்ள வேண்டும். கெடு வந்தபோது பெரியப்பனுக்கும் உடம்பு விழுந்துவிட்டது. சோறு இறங்கவில்லை. நெஞ்சில் அந்த வார்த்தை உறுத்திக்கொண்டிருந்தது என்று நினைக்கிறேன், வாய்விட்டுச் சொல்ல மாட்டார். "நான் போறதுக்குள்ள அவனுக்கு என்ற கையால எள்ளுந் தண்ணியும் எறைச்சிடறேன். இல்லாட்டி அவன் ஆவி அலையும்" என்று பிடிவாதம் பிடித்தார். பங்காளிகளும் தை கழிந்து நாள் வைக்கலாம் என்றார்கள்.

குப்பாயி மட்டும், "நான் கண்ணுல பாக்காம கழட்ட மாட்டனுங்க மாமா. உசுரோட இருக்கறவியளுக்கு எள்ளு எறைச்சா அந்தப் பாவம் ஆருக்குங்க?" என்றாள். ஆனால் நாள் வைக்கிற பேச்சு மட்டும் நிற்கவில்லை.

மேட்டூரில் அணை கட்டி முடித்த வருஷம் அது. சங்ககிரியில் கூடாரம் போட்டு, ஆயில் எஞ்சின் வைத்துச் சினிமா காட்டினார்கள். பேசாத படம்தான். திரைக்குப் பக்கத்தில் ஒருவர் குச்சியோடு நின்று இன்னார் இன்னார் என்று சொல்லுவார், ஆர்மோனியமும் உண்டு. ராமாயணப் படம் என்று பறையடித்ததும் ஊர் வண்டி கட்டிக்கொண்டு கிளம்பியது. பெண்டுகள் வற்புறுத்திக் குப்பாயியையும் ஏற்றிவிட்டார்கள். எனக்கு அன்று திருச்செங்கோட்டில் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வேலை வைத்துவிட்டார், போக முடியவில்லை. நான் வாத்தியார்.

ராமாயணத்துக்கு முன்னால் ஒரு சின்னப் படம் போட்டிருக்கிறார்கள். அதில் கதை கிடையாது, ராஜா கிடையாது, சண்டை கிடையாது, எழுத்துப் போடுவதுகூடக் கிடையாது. பட்டணத்தில் விடிவதிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் என்ன நடக்கிறதோ அதை அப்படியே பிடித்திருந்தார்கள். பால்காரன் மாட்டை வாசல் வாசலாக ஓட்டிப் போகிறான். குழாயடியில் பெண்கள் சண்டை பிடிக்கிறார்கள். டிராம் வண்டி வருகிறது. ஓட்டலில் ஒருவன் டம்ளர் கழுவுகிறான், கழுவிக்கொண்டே இருக்கிறான். தெருவோரம் ஒருவனுக்குச் சவரம் நடக்கிறது, அவன் அதிலேயே தூங்கிவிடுகிறான். ஜனங்களுக்குப் பொறுக்கவில்லை. "ராமனக் காட்டுங்கப்பா! டம்ளர் கழுவறதப் பாக்கவா வண்டி கட்டீட்டு வந்தோம்?" என்று சீட்டியடித்தார்கள்.

அப்போது துறைமுகம் வந்தது. பலகைப் பாலத்தில் ஆட்கள் மூட்டையோடு வரிசையாக இறங்குகிறார்கள். ஒருவன் மூட்டையை இறக்கிப்போட்டுவிட்டு, தலையில் கட்டியிருந்த உருமாலை அவிழ்த்து உதறி முகத்தைத் துடைத்துக்கொள்கிறான். மடியிலிருந்து பொரியோ கடலையோ எடுத்துப் பக்கத்தில் நிற்கிறவனுக்கு நீட்டுகிறான். இடக்கையால் நீட்டுகிறான். முகத்தில் பாதி நிழல். அடுத்த நொடி வேறு காட்சி வந்துவிட்டது.

கூட்டம், "பீச்சாங்கையில குடுக்கறான் பாரு!" என்று சிரித்தது. குப்பாயி எழுந்து நின்றுவிட்டாள். "என்ற ஊட்டுக்காரரு! அது என்ற ஊட்டுக்காரரு!" என்று அவள் போட்ட சத்தத்தில் ஆர்மோனியக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டாராம். எங்கள் ஊர்க்காரர்களும் எழுந்தார்கள். உயரம் சரி, தோள் சரி, உருமாலை உதறுகிற தோரணை சரி. எல்லாவற்றுக்கும் மேலே, கூச்சமில்லாமல் இடக்கையால் ஒருவனுக்குத் தின்னக் கொடுக்கிற ஆள் உலகத்தில் வேறு யார் இருக்க முடியும்? ராமாயணத்தைப் பாதியில் விட்டுவிட்டு வண்டிகள் திரும்பின.

அன்றைக்குப் பெரியப்பன் அழுத அழுகையை நான் மறக்கவில்லை. பெண்ணாய்ப் பிறந்தவர்கள்கூட அப்படி அழுது நான் பார்த்ததில்லை. "நல்லா இருக்கறானா அம்மணி? எளைச்சிருக்கறானா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். "இல்லீங்க மாமா, நல்லாத்தான் இருக்கறாரு. கூட்டாளிக்குக் குடுத்துத் திங்கறாரு" என்றாள் குப்பாயி. கிழவர் களி கொண்டுவரச் சொல்லி ஒரு உருண்டை முழுவதும் உண்டார். காரியப் பேச்சு அன்றோடு நின்றது. "அவன் வரட்டும். எந்தக் கையில வேணும்னாலும் வெதைக்கட்டும். நான் கேக்க மாட்டேன்" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னார்.

நானும் குப்பாயியின் அண்ணனும் மதராஸுக்கு ரயில் ஏறினோம். குழாயடி, டிராம், ஓட்டல் எல்லாம் இருந்தன. துறைமுகமும் இருந்தது. எறும்புப் புற்றைக் கலைத்துவிட்ட மாதிரி அங்கே ஆட்கள். சேலம் ஜில்லா சென்னியப்பன், இடக்கைக்காரர் என்று கேட்டால், "இங்கே பேர் யாருக்குத் தெரியும்? எந்தக் கொட்டகை, எந்த மேஸ்திரி, அதைச் சொல்லு" என்று விரட்டினார்கள். எந்தக் கொட்டகை என்று எங்களுக்குத் தெரியுமா? கால் தேய அலைந்துவிட்டு வெறும் கையோடு திரும்பினோம்.

அடுத்த கோடையில் அதே கூடாரம் ஜலகண்டாபுரத்துக்கு வந்திருப்பதாகத் தெரிந்தது. குப்பாயி எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தாள். கொழுந்தனான என்னைச் 'சாமி' என்றுதான் கூப்பிடுவாள். "சாமி, உனக்குத்தான் எழுத்துத் தெரியுமே. அவிய நிக்கற எடத்துல பொட்டி மேலயும் செவுத்து மேலயும் என்னமோ எழுதியிருந்துச்சு. அதப் படிச்சுட்டா எந்தக் கொட்டகைன்னு தெரிஞ்சு போயிருமல்லோ?" என்றாள். நியாயமான பேச்சு. இது நமக்குத் தோன்றவில்லையே என்று எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. அவளும் நானும் போனோம். கூடாரம் முழுக்கத் தறிக்காரர்கள். பொழுது சாய்ந்ததும் ஆட்டம் தொடங்கியது. கதைப் படம் வேறு மாற்றியிருந்தார்கள், முன்னால் போடுகிற பட்டணத்துப் படம் அதேதான்.

பால்காரன் வந்தான். டிராம் வந்தது. அதன் பலகையில் இருந்த இங்கிலீஷ் எழுத்தைத் தடையில்லாமல் படித்தேன். துறைமுகம் வந்தது. கிடங்குச் சுவரில் எண் தெளிவாகத் தெரிந்தது. படித்துவிட்டேன் என்று அவள் பக்கம் திரும்பினேன். அவள் முகம் என்னவோ ஆகியிருந்தது.

"சாமி, இது அவிய இல்ல. வேற ஆளப் போட்டுட்டாங்க."

திரையைப் பார்த்தேன். ஒருவன் உருமாலை உதறி முகம் துடைத்துக்கொண்டு, கூட்டாளிக்கு மடியிலிருந்து எடுத்து நீட்டினான். வலக்கையால் நீட்டினான்.

இடைவேளையில் அவளைக் கூட்டிக்கொண்டு படம் ஓட்டுகிறவரிடம் போனேன். பெரியசாமி என்று பெயர், சேலத்துக்காரர், நல்ல மாதிரி. "சங்ககிரியில காட்டுனது வேற படமுங்களா?" என்று கேட்டேன்.

"அதே படந்தானுங்க. எங்ககிட்ட இது ஒண்ணுதான். பட்டணத்துல ஒருத்தரு கதையில்லாம படம் எடுத்துப் பாக்கறேன்னு எடுத்ததுங்க. யாரும் வாங்கல. எங்க மொதலாளி எடைக்கு வாங்கியாந்தாரு" என்றவர், ஏதோ நினைவு வந்து சிரித்தார். "ஓ, சங்ககிரியா! அன்னைக்கு எனக்குக் காய்ச்சலுங்க. மொதலாளியே சுருளை மாட்டினாரு. பொறம் மாத்தி மாட்டிப்போட்டாரு. சோத்தாங்கை பீச்சாங்கை ஆயிருச்சு, எழுத்தெல்லாம் கண்ணாடியில பாக்கற மாதிரி திரும்பிப் போச்சு. கதைப் படமா இருந்தா நிறுத்தி மாட்டியிருப்போம். இத யாரு பாக்கறா?"

அப்படியானால் அன்று பால்காரனும் இடக்கையால் கறந்திருப்பான், அம்பட்டனும் இடக்கையால் சிரைத்திருப்பான். ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. மனதுக்குள் தேடிக்கொண்டிருந்தவர்களுக்குத் தேடியது ஒன்றுதான் தெரிந்தது. இதை நான் அவளுக்கு எப்படிச் சொல்வது?

பெரியசாமி சொன்னார். ஒரு துண்டுப் பிலிமை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்து, "இப்படி வெச்சா இந்தக் கை, இப்படித் திருப்புனா அந்தக் கை, பாருங்கம்மா" என்றார். குப்பாயி துண்டை வாங்கினாள். தானே திருப்பினாள். மறுபடி திருப்பினாள். சிரிக்கத் தொடங்கியிருந்தவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை விழுங்கிக்கொண்டு, "என்ன விஷயமுங்க?" என்று என்னைக் கேட்டார். நான் சுருக்கமாகச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏனுங்க, அன்னைக்கு ஓட்டுன மாதிரியே ஒருக்கா ஓட்டுங்க" என்றாள் குப்பாயி.

"அது உங்க ஊட்டுக்காரரு இல்லீங்கம்மா."

"தெரியுதுங்க. ஒரே ஒருக்கா."

நான், "வேண்டாம் நங்கையா, வா போலாம்" என்று கையைப் பிடித்தேன். உதறிவிட்டாள். "அவிய போறப்ப நான் தண்ணிக்குப் போயிருந்தேன் சாமி. போறதக்கூட நான் பாக்கல" என்றாள். பெரியசாமி சுருளைத் திருப்பி மாட்டினார்.

இடைவேளை முடிந்து விளக்கு அணைந்ததும் மறுபடியும் பால்காரன் வந்தான். கூடாரமே எகிறிவிட்டது. "யோவ், இந்தக் கருமத்தை எத்தன தடவ போடுவ? படத்தப் போடுய்யா!" மணலை வாரி வாரித் திரையில் எறிந்தார்கள். முதலாளி ஓடிவந்து பெரியசாமியை வாய்க்கு வந்தபடி ஏசினார். அந்த மனிதர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. டம்ளர் கழுவுகிறவன் இடக்கையால் கழுவினான். பலகையில் எழுத்துகள் முதுகைக் காட்டின. அத்தனை கூச்சலிலும் குப்பாயி கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். துறைமுகம் வந்தது. உருமாலை உதறினான், துடைத்தான், இடக்கையால் நீட்டினான்.

எங்கள் பக்கம் யாரையும் 'போ' என்று சொல்லி அனுப்ப மாட்டோம். எமனே வந்து கூப்பிட்டாலும் 'போயிட்டு வாங்க' என்றுதான் சொல்வோம். குப்பாயி அந்தத் திரையைப் பார்த்து, "போங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் பக்கத்தில் நின்றதால் காதில் விழுந்தது.

வண்டியில் திரும்பி வரும்போது, "மாமனுக்குத் தெரிய வேண்டாஞ் சாமி. ஊருலயும் ஆருகிட்டயும் சொல்லாத" என்றாள். சரி என்றேன்.

அதற்குப் பிறகு கிழவர் ஒன்றரை வருஷம் இருந்தார். நாள் தவறாமல் குப்பாயி நெற்றியில் குங்குமம் வைத்தாள், மஞ்சள் பூசிக் குளித்தாள், கை நிறைய வளையல் போட்டாள். கிழவர் கேட்கும்போதெல்லாம், "வருவாருங்க மாமா. பட்டணத்துல வேலைய உட்டுட்டு உடனே வர முடியுங்களா?" என்று சொல்லிக் களியை உருட்டிக் கையில் கொடுத்தாள். அவர் அதை நம்பி விழுங்குவார். தொழுவத்துக்கு இந்தப் பக்கம் நின்று அதைக் கேட்க எனக்கு ஆத்திரமாக வரும், அழுகையும் வரும். யார் மேல் ஆத்திரம் என்று மட்டும் தெரியாது.

பெரியப்பன் செத்ததும், மகன் இல்லாததால் நான்தான் கொள்ளி வைத்தேன். கருமாதிக்குப் பவானிக் கூடுதுறைக்குப் போனோம். படித்துறையில் நான் ஈரத்துணியோடு உட்கார்ந்து எள்ளைக் கையில் எடுத்தபோது குப்பாயி இறங்கி வந்தாள்.

"ரெண்டு பேருக்குஞ் சேத்து எறைச்சிரு சாமி" என்றாள்.

பங்காளிகள் திகைத்துப்போனார்கள். எனக்குச் சித்தப்பா முறையான சின்னப்பன் ஒருவர், "என்ன அம்மணி பேசற? உசுரோட இருக்கறவனுக்கா? நாங்கதான் கண்ணுல பாத்தமே!" என்று கோபித்தார்.

"அது அவிய இல்லீங்க. ஜலகண்டாபுரத்துலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு. சாமிக்கும் தெரியும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன்.

"தெரிஞ்சேவா பொட்டும் தாலியுமா இத்தன நாளு இருந்த?" என்று கத்தினார் சின்னப்பன். "எதுக்கு?"

குப்பாயி வளையலை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல், "மாமன் சோறு திங்கோணுமல்லோ" என்றாள்.

ஆற்றில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. காரியம் செய்விக்கிற புரோகிதர் இரண்டாவது பெயர் என்ன என்று கேட்டார். சென்னியப்பன் என்று சொன்னேன்.